குடத்தில் இல்லாத பெயர்

ஹியூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் டாக்டர் வீட்டுச் சமையலறைத் தொலைபேசி சுவரில் மாட்டியிருந்தது. அது எப்போது மணியடிக்கும் என்று பார்த்தபடி, எதிரே சாப்பாட்டு மேசையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். 1999 மார்ச், ஒரு வேலை நாளின் காலை. பார்வையாளர் விசாவில் வந்திருந்த அவருடைய அப்பா முந்தின நாள் மாரடைப்பில் இறந்திருந்தார். உடல், இறுதிச் சடங்குக்குத் தயார்செய்யும் ஃப்யூனரல் ஹோமில் இருந்தது. பொள்ளாச்சியில் இருந்த அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார். அங்கேயே எரித்துச் சாம்பலைக் கொண்டுவர வேண்டாம், எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டும்.

உடலை ஊருக்கு அனுப்ப ஹியூஸ்டன் வட்டாரத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் இடுப்பில் மாட்டியிருக்கும் பேஜருக்கு, திரும்பக் கூப்பிடச் சொல்லி, டாக்டர் முந்தின நாளே தன் போன் எண்ணை அனுப்பியிருந்தார். பதில் இல்லை. காலையில் மறுபடியும் அனுப்பினார். பிறகு எனக்கு போன் செய்து, "நீங்க கூட இருந்தா நல்லா இருக்குமுங்க. உங்க மேல அவருக்கு மரியாதை" என்றார். அவருக்கு என்மேல் மரியாதை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தமிழ்ச் சங்கத்தின் நான்கு பக்கச் செய்தி மடலை நான்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு எல்லோரையும் தெரியும் என்று நினைத்தார்கள்.

தினமும் மயக்க மருந்து கொடுத்து மனிதர்களைச் சாவின் பக்கம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருகிறவர் அந்த டாக்டர். அன்று அவர் டயல் டோன் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். அப்பா இறந்த துக்கம் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கவனித்த பிறகு அது பயம் என்று தெரிந்தது.

அந்த ஒருவரை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கன்ட்ராக்டில் புரோகிராம் எழுதுகிறவர். தென்மேற்கு ஹியூஸ்டனில் ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு அபார்ட்மென்டில் மனைவி, மகளுடன் வாடகைக்கு இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால், 1991இல், அவருடைய அறைத்தோழர் இறந்துபோனார். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் அலைந்து திரிந்து அந்த உடலை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன்பின் தமிழர் யார் இறந்தாலும் போன் அவருக்குத்தான் போகும். அலுவலகத்தில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார். "என் பல்லு மாதிரி நாசமாப் போன பல்லு டெக்சஸ்லயே கிடையாதுன்னு எங்க மேனேஜர் நினைச்சிட்டிருக்கான்" என்பார்.

நான் 1994இல் கணவரின் வேலையை ஒட்டி, ஹியூஸ்டனின் மேற்குப் புறநகரான கேட்டிக்கு வந்து சேர்ந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். இங்கே என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது; படிக்கலாம். 1997 இலையுதிர் பருவத்தில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பழைய கிரேக்கர்களின் அரசியல் சிந்தனை. வேறு எந்த வகுப்பின் நேரமும் என் கணவரின் கார் வீடு திரும்பும் நேரத்தோடு பொருந்தவில்லை என்பதுதான் காரணம். பாடம் எடுத்தவர் பகலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். ஆட்சி எப்படிக் கெடுகிறது என்பதையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, ஆட்டத் திட்டம் போலத்தான் விளக்குவார்.

எங்கள் ஊரில் எல்லோரையும் இடத்தின் பெயரால் குறிப்பிடுவது வழக்கம். கேட்டிக்காரர், பேர்லேண்ட் டாக்டர். அந்தப் பழக்கத்தில், நாங்கள் படித்த தத்துவவாதியையும் நான் ஏதென்ஸ்காரர் என்றே மனதில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். நல்லவர்களின் ஆட்சி முதலில் வரும். அது கெட்டு, கௌரவத்துக்கு ஏங்குகிறவர்களின் ஆட்சியாகும். அது கெட்டுச் சொத்துள்ளவர்களின் ஆட்சி, அதுவும் கெட்டு எல்லோருடைய ஆட்சி, கடைசியில் ஒருவனுடைய ஆட்சி. எந்த ஆட்சியையும் வெளியே இருந்து வரும் எதிரி கவிழ்ப்பதில்லை. தான் எதை மிகவும் விரும்புகிறதோ அதனாலேயே ஒவ்வொன்றும் கெடுகிறது.

மூன்றாவது வாரத்திலேயே நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர் சொல்வது எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது.

நான் வந்த புதிதில் சங்கத்துக்குத் தேர்தலே கிடையாது. அண்ணாச்சி, ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் பேராசிரியர், ஒரு மருத்துவமனை நர்ஸ், இந்த மூவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலும் அவர்களே, சாவும் அவர்களே. பிறகு குடும்பங்கள் பெருகின, ஆண்டு விழாவில் பொன்னாடை வந்தது. முதலில் உழைத்தவர்களுக்குப் போர்த்தினோம். அப்புறம் பொன்னாடை கிடைக்கும் என்றால் மட்டும் உழைக்கிறவர்கள் வந்தார்கள். யாருக்கு முதலில் போர்த்துவது என்பதில் ஒரு வருடம் சண்டை. பேராசிரியர் நியூ ஜெர்சியில் இருந்த மகளிடம் போய்விட்டார். நர்ஸ் வருவதை நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சிக்குக் கிடைத்த பொன்னாடை அவருடைய காரின் பின் சீட்டில் விரித்துக் கிடந்தது. குழந்தைகள் அதன்மேல் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுவார்கள்.

நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அந்த 1997 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடக் கேஃபட்டீரியாவில் பொதுக்குழு கூடியது. தேர்தல் வைத்தால் கோஷ்டி சேரும், சண்டை வரும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அப்போது யாரோ குடவோலையைச் சொன்னார்கள். அமெரிக்கா பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் நாம் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு நிர்வாகிகளை எடுத்தவர்கள். அதையே இங்கே செய்தால் என்ன? கைதட்டல் நிற்க நேரமானது. அந்தக் கைதட்டலில் எல்லோரும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்கள்.

பேர்லேண்ட் டாக்டர் எழுந்தார். "சோழர்கள் சும்மா எல்லார் பேரையும் போடலைங்க. தகுதி வெச்சிருந்தாங்க. சொந்த நிலத்துல சொந்த வீடு இருக்கோணும். நாமளும் அப்படி வெச்சுக்கலாம். அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க ப்ராஜெக்ட் முடிஞ்சா நாளைக்கே டல்லாஸ் போயிருவாங்க. ஒரு கன்டினியூட்டி வேணுமில்லைங்களா."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "சோழர் காலத்துல மார்ட்கேஜ் இருந்துச்சா டாக்டர்?" என்றார்.

"அதெல்லாம் பேசுனா முடியாதுங்க."

"இல்ல, என் வீட்டுக்கு ஓனர் பேங்க்தான். பேங்க் பேரையும் எழுதிப் போட்டுருங்க."

சிரிப்பு அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறியது. அண்ணாச்சி ஓரமாகக் காப்பிப் பாத்திரத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் வாடகை வீட்டில் இருப்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். யாரும் அவரை விலக்கத் திட்டமிடவில்லை. டாக்டரும்தான்.

குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டெடுக்க ஒரு குழந்தை வேண்டும். பட்டுப் பாவாடை கட்டியிருந்த சிறுமி அங்கே ஒருத்திதான். அவள் அண்ணாச்சியின் மகள். எவர்சில்வர் குடத்தை நாற்காலியில் வைத்தார்கள். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இஸ் அப்பா இன் ஹியர்?" என்று கேட்டாள். அதற்கும் சிலர் சிரித்தார்கள். அண்ணாச்சி, நாகர்கோவில் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் வழக்கப்படி, "நீ எடு மக்களே" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் சொத்துள்ளவர்களின் ஆட்சிக்கு வந்தார். இவ்வளவு சொத்து இருந்தால்தான் பதவி என்று ஒரு கோடு போட்டதும் அது தொடங்கிவிடுகிறது என்றார். கப்பல் ஓட்டத் தெரிந்தவன் ஏழை என்பதற்காக, பணக்காரனிடம் சுக்கானைக் கொடுத்தால் பயணம் என்ன ஆகும் என்று ஏதென்ஸ்காரர் கேட்கிறாராம். அதற்கடுத்த வாரம் எல்லோருடைய ஆட்சி. அங்கே பதவிகள் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கித்தான் தரப்படும் என்றார். அவருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை ஆகிறது. எங்களுக்கு இரண்டும் ஒரே சனிக்கிழமையில் வந்தன.

அந்த வாரப் பாடத்தில் ஒரு சின்னக் குறிப்பு. எல்லோருடைய ஆட்சியில், நாடு கடத்தப்பட்டவன்கூட ஊரைவிட்டுப் போகமாட்டான். ஆவி போல நடுத்தெருவிலேயே உலாவுவான். யாரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள். வகுப்பில் இதற்குச் சிரிப்பு எழுந்தது. தீபாவளி நிகழ்ச்சிக்கு அண்ணாச்சி வந்திருந்தார். வாசல் கதவின் பக்கம் நின்றார். வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் நின்ற இடத்தில் ஒரு தூண் இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

நவம்பரில், அருப்புக்கோட்டையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன் ஃப்ரீவே விபத்தில் இறந்தான். குடத்திலிருந்து வந்த செயலாளர் எண்ணெய் வயல்களில் வேலை பார்க்கும் நிலவியலாளர். நல்ல மனிதர். ஆனால் அவர் தலைவருக்குப் போன் செய்தார், தலைவர் பொருளாளருக்குச் செய்தார், பொருளாளர் ஒரு கமிட்டி போடலாம் என்றார். செய்தி மடலில் அச்சாகியிருந்த எண் என் வீட்டு எண். அதனால் பையனின் அப்பா என்னைக் கூப்பிட்டார். தினமும் கூப்பிட்டார். அழவே இல்லை. "தம்பி கிளம்பிட்டானாம்மா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். "சரிம்மா. உங்களுக்கு வேலை இருக்கும்" என்று வைத்துவிடுவார். போன் மணி அடித்தாலே சமையலறையை விட்டு வெளியே போய்விடும் வழக்கம் எனக்கு அப்போது வந்தது. என் கணவர்தான் எடுப்பார்.

கடைசியில் செயலாளர் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனார். பல் டாக்டர் மறுபடியும் உபயோகப்பட்டார். பையன் ஊர் போய்ச் சேர்ந்தான்.

டிசம்பரில் அவசரப் பொதுக்குழு. இந்த மாதிரி காரியத்துக்குக் கமிட்டி சரிப்படாது, ஒரே ஆளிடம் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று பேசினார்கள். முதலில் பேசியவர் பேர்லேண்ட் டாக்டர். கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூட இறங்கியிருக்கவில்லை. என் கையும் மேலேதான் இருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அண்ணாச்சியைக் கேட்டார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு பேஜர் வாங்கித் தாங்க. வீட்டு நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க. பிறகு, இதுல எவரும் என்கிட்ட ஏன், எதுக்குன்னு கேக்கப்பிடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

பருவத்தின் கடைசி வகுப்பில் பயிற்சியாளர் கரும்பலகையின் கடைசி அம்பைப் போட்டார். ஒருவனுடைய ஆட்சி எப்போதும் ஒரு காப்பாளனில் தொடங்குகிறது. மக்களே அவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவன் முதலில் தனக்குப் பாதுகாப்புக்கு ஆட்கள் கேட்கிறான். மக்கள் தங்களுக்கு எந்தப் பயமும் இல்லாமல், சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். ஏதாவது கேள்வி உண்டா என்று அவர் எங்களைப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிந்தைய ஒரு வருடத்தில் அண்ணாச்சி ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. எல்லாக் காரியமும் நடந்தது. சிலருக்கு உடனே நடந்தது, சிலருக்குக் கொஞ்சம் தாமதமாக. தாமதமானவர்கள் அக்டோபர் கூட்டத்தில் தாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம், கை தூக்கினோமா, சிரித்தோமா என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர் இதையெல்லாம் நினைவு வைத்திருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்கக் கூடாது என்றுதான் ஏற்பாடு.

பேர்லேண்ட் சமையலறையில் பேஜருக்குப் பதில் வராமல் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுத் தகுதியைக் கேட்டவரே டாக்டர்தான்; அந்தப் பயம் அதனால்தான்.

டாக்டர் வீட்டில் ஃபேக்ஸுக்காக இன்னொரு லைன் உண்டு. நான் அந்த அறைக்குப் போய் ஃப்யூனரல் ஹோமைக் கூப்பிட்டேன். பழைய தொழில் பழக்கம். ஒரு விஷயம் தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் கேட்பது. டெக்சஸ் இழுவையில் பேசிய ஒரு பெண்மணி நிதானமாகச் சொன்னார். இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தூதரகக் கடிதம். உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, விமானச் சரக்கில் சேர்ப்பது எங்கள் வேலை. எத்தனையோ ஊருக்கு அனுப்புகிறோம். ஹியூஸ்டனிலேயே இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் போனை எடுத்தவரும் அதையேதான் சொன்னார். பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள், இன்றே கடிதம் தருகிறோம். இரண்டு போன் கால். அவ்வளவுதான் விஷயம். அண்ணாச்சிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று எதுவும் அதில் இருக்கவில்லை.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"அவரைத் தாண்டியா பண்றது?" என்றார்.

"தாண்டினா என்ன டாக்டர்?"

"எங்கம்மா இருக்காங்க. மாமனார், மாமியார் வருஷா வருஷம் வர்றாங்க. அடுத்த தடவை என்ன பண்றதுங்க?"

"அடுத்த தடவையும் இதே நம்பர்தான்."

அவருடைய மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கே ஏதாவது ஒண்ணுன்னா, இந்தப் பசங்க யாருகிட்டப் போய் நிப்பாங்க அக்கா? ரெண்டுக்கும் தமிழ்ல பேசவே வராது. உங்களுக்குப் புரியலை."

எனக்குப் புரிந்தது. பொள்ளாச்சியில் ஒரு பெண் காத்திருந்தார். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் அடுத்தடுத்த சாவுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் காரை எடுத்தார். நானும் போனேன். அண்ணாச்சி அப்போது ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்ததற்குக் காத்திருந்த நேரம். கதவைத் திறந்தவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. உள்ளே சட்டைகள் தேய்த்துத் தொங்கின.

"வாங்க டாக்டர். வாம்மா. சாப்பிட்டாச்சா?"

"பேஜ் பண்ணியிருந்தேனுங்க அண்ணாச்சி."

"பாத்தேன்."

அவர் மறுபடி மேசைக்குப் போய், பாதியில் விட்ட சட்டையைத் தேய்த்து முடித்தார். காலர், கை, முதுகு. டாக்டர் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க என்று அண்ணாச்சி சொல்லத்தான் செய்தார். சோபாவில் துணிக் குவியல் இருந்தது, அவ்வளவுதான்.

"புது வீடு பெருசுன்னு சொன்னாவ. நான் வந்தே பாத்தது இல்ல" என்றார்.

"கண்டிப்பா வரோணும் அண்ணாச்சி. குடும்பத்தோட வரோணும்."

"வரலாம். அப்பாக்கு என்ன வயசு?"

டாக்டர் சொன்னார். சொல்லும்போதுதான் அழுதார். அண்ணாச்சி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டனை மாட்டியபடி, "பாஸ்போர்ட்டை எடுத்தீங்களா?" என்று கேட்டார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

தூதரகத்தில் கடிதத்துக்காகக் காத்திருந்தபோது, டாக்டர் பார்க்கிங்குக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணாச்சியிடம் சொன்னேன். "நான் காலையிலயே ரெண்டு இடத்துக்கும் போன் பண்ணிட்டேன். அவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"சொல்லுவாங்கம்மா. யாரு கேட்டாலும் சொல்லுவாங்க." கவுன்டரைப் பார்த்தபடி, "யாராவது கேக்கணும்லா" என்றார்.

அவர் குரலில் ஏளனம் இல்லை. களைப்பு மாதிரிதான் இருந்தது. ஏதென்ஸ்காரர் இதைப் பற்றி எழுதியிருந்தாரா என்று யோசித்தேன். தனியாக ஆளும் அந்த ஒருவன் உள்ளுக்குள் எவ்வளவு அடிமைப்பட்டவன், எவ்வளவு தனியானவன் என்று அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஏன் போன் செய்து கேட்பதில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு நினைவில்லை.

உடல் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தது. அம்மா முகத்தைப் பார்த்தார். டாக்டர் திரும்பி வந்ததும் அண்ணாச்சி குடும்பத்துக்குப் பெரிய விருந்து வைத்தார். சங்கத்தில் என்னென்னவோ மாறியது. வீட்டுத் தகுதியை நீக்கினார்கள், குடத்தையும் நிறுத்தினார்கள். பேஜரை மட்டும் யாரும் தொடவில்லை. செய்தி மடலின் அடுத்த இதழில் அந்த இரண்டு தொலைபேசி எண்களையும் பெரிய எழுத்தில் போட்டேன். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. தலைவர் மட்டும், "அதைப் போட்டிருக்க வேணாம். அவரு தப்பா எடுத்துக்கப் போறாரு" என்றார்.

ஏப்ரலில் ஒரு நாள் என் கணவர், "நாமளும் அவரை ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடணும்ல" என்றார். நான் எதற்கு என்று கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் வந்தார்கள். அவருடைய மகள் எங்கள் மகனோடு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். அண்ணாச்சி வழக்கம்போல மெதுவாகப் பேசினார். வேலையைப் பற்றி, இரண்டாயிரமாம் ஆண்டு வந்தால் கம்ப்யூட்டர்கள் என்ன ஆகும் என்பதைப் பற்றி. என் கணவர் தேவைக்கு மேல் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரசத்துக்கு வந்தபோது அண்ணாச்சி என் கணவரிடம், "அப்பா அம்மா இந்த வருஷம் வாறாங்களா?" என்று கேட்டார்.

அவர்களுக்கு ஜூன் மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு உண்டு. பேரனைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக வருகிறார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, "இல்ல அண்ணாச்சி. இப்போதைக்கு ஐடியா இல்ல" என்றார்.

அண்ணாச்சி தலையாட்டினார். ரசத்தைச் சோற்றில் பிசைந்தார்.

"வரட்டும், வரட்டும்" என்றார். "வயசானவங்க. நான் இருக்கேன்லா."

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.